வ போட்ட அட்டை

என் குப்பி ரம்லத் கார்களுக்குச் சட்டை தைக்கிறாள் என்று சுள்ளிக்கல் வரை ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது நான்தான். அதை நம்பி ஒருவர் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து, அரைக்கை போதுமா முழுக்கை வேண்டுமா என்று பெண்டாட்டியிடம் ஃபோனில் கேட்டுக்கொண்டு நின்றார். குப்பி அவருக்கு ஒரு சாயா கொடுத்து அனுப்பிவைத்தாள். எனக்கு ஒரு குட்டு கொடுத்தாள்.

உண்மையில் குப்பி செய்வது தொப்பி வேலை. கூரையைப் பின்னால் மடித்துப் போட்டுவிட்டு, தலைமுடி பறக்கப் போவார்களே, அந்த மாதிரி கார்களின் துணிக்கூரை. அது எப்படி மடிய வேண்டும், எங்கே தையல் ஓட வேண்டும், மழை எந்த வழியாக இறங்க வேண்டும் என்று யோசித்து, ஏலக்காய்ப் பெட்டியின் அட்டையில் வரைந்து, வெட்டி, தைத்து, கம்பியில் மாட்டுகிற வரைக்கும் அவள் பொறுப்பு. துணி வெட்டுவது மட்டும் அவள் புருஷன் சைபுதீன் மாமா. அவருக்குக் கத்திரி பிடிக்கிற கை. குப்பிக்கு மற்ற எல்லாம் பிடிக்கிற கை.

எங்கள் ராவுத்தர் வீடுகளில் அத்தாவின் அக்காவைக் குப்பி என்போம். மலையாளத்தில் குப்பி என்றால் பாட்டில். நான் பள்ளிக்கூடத்தில் "சாயங்காலம் குப்பியோடதான் இருப்பேன்" என்று சொல்லி, டீச்சர் என் உம்மாவைக் கூப்பிட்டு விசாரித்த கதை தனி. பள்ளிக்கூடமும் நானும் ப்ளஸ் டூவில் இரண்டு பேப்பர் பாக்கி வைத்துக்கொண்டு பிரிந்துவிட்டோம். அதிலிருந்து நான் இருப்பது குப்பியின் கூடத்தில்தான். கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரிலிருந்து உள்ளே போகும் சந்தில், முன்னே சுக்கு மூட்டை அடுக்கியிருந்த ஒரு கிட்டங்கி. அதனால் குப்பி தைக்கிற கூரை எல்லாம் லேசாகச் சுக்கு மணக்கும். ஜலதோஷம் பிடித்தவர்கள் அந்தக் காரில் ஏறினால் மூக்கு திறந்துவிடும் என்று நான் இன்னொரு பேச்சும் கிளப்பியிருக்கிறேன்.

குப்பி முதலில் பிளவுஸும் மேக்ஸியும்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சந்துக்காரர்களின் ஆட்டோவுக்கு ஹூட். கார் வந்தது வெங்கிட்டு சார் வீட்டில். அவர் ரிட்டயர் ஆன காலேஜ் வாத்தியார். அவர் அப்பா விட்டுப்போன சிவப்புக் கார் ஒன்று முற்றத்தில் நின்றது. அதன் துணிக்கூரை கிழிந்து தொங்கியது. குப்பி போனது அவர் மனைவி லோகாம்பாள் மாமியின் பிளவுஸைக் கொடுக்க. திரும்பும்போது அந்தக் காரைப் பார்த்துவிட்டாள். ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்று. பிறகு கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் கூரைக் கம்பியை அளக்க ஆரம்பித்தாள்.

"ரம்லத், பாம்பேலேர்ந்துதான் வரவழைக்கணும்னு எல்லாரும் சொல்றா. உன்னால ஆகுமா?" என்றார் வெங்கிட்டு சார்.

"மாமிக்கு பிளவுஸ் பாம்பேலேர்ந்தா சார் வருது?" என்றாள் குப்பி. "உடம்பு வளைவு, துணி தட்டை. அம்புட்டுதான் சண்டை. எங்க டாட் பிடிக்கணும், எங்க துணியைக் கிள்ளித் தைக்கணும்னு தெரிஞ்சா போதும்."

லோகாம்பாள் மாமி உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஜூன் மழையில் வெங்கிட்டு சார் மாமியை உட்காரவைத்துத் தோப்பும்படி வரை போய் வந்தார். மாமியின் பட்டுப்புடவையில் ஒரு சொட்டு இல்லை. அதற்கப்புறம் நாலு வருஷத்தில் ஆறு பழைய கார்கள். ஆறும் ஆறு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் குப்பி தனியாக யோசித்தாள்.

இப்போது ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலி.

மலையாளத்தில் வலி என்றால் இழு. தமிழில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த குப்பிக்கு இரண்டும் ஒன்றுதான். மாமா பொள்ளாச்சிக்காரர். கல்யாணமான புதிதில் கிணற்றடியில் குப்பி, "கயித்தை வலிங்க" என்றாளாம். மாமா கயிற்றைத் தடவிப் பார்த்து, "கயித்துக்கு எப்படி வலிக்கும்?" என்றாராம். பெருநாளுக்குப் பெருநாள் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். என் வயதுக்கு முப்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

துணிக்கூரைக்கு உயிரே அந்த வலிதான். மூடினால் முரசு மாதிரி விறைத்து நிற்க வேண்டும். தொய்ந்தால் அங்கே தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீர் ஒருநாள் உள்ளே வரும். குப்பி கூரையைக் கம்பியில் மாட்டிவிட்டு, உள்ளங்கையை அதன்மேல் வைத்து மெதுவாக நடப்பாள். "எங்கடி வலிக்குது உனக்கு? இங்கயா? இங்கயா?" என்று துணியிடம் கேட்பாள். சுருக்கம் ஓடுகிற திசையைப் பார்த்தே துணி எங்கே இழுபடுகிறது என்று சொல்லிவிடுவாள். டாக்டர் குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்ப்பார் இல்லையா, அந்த மாதிரி.

சரி, இனிதான் விஷயம்.

போன மே மாதம் காக்கநாட்டிலிருந்து ஒரு சின்ன கம்பெனி குப்பியைத் தேடி வந்தது. சுற்றுலாக்காரர்களுக்கு மட்டாஞ்சேரிச் சந்துகளைச் சுற்றிக்காட்ட பாட்டரியில் ஓடும் குட்டிக் கார் செய்கிறார்கள். நாலு சீட். மேலே திறந்தது. முதலில் இருபது கார். வந்தவள் மாளவிகா என்கிற எஞ்ஜினியர், பாலக்காட்டுத் தமிழ்ப் பெண். வெங்கிட்டு சாரின் காரை எங்கேயோ பார்த்து, முகர்ந்தும் பார்த்து, சுக்கு வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று நான் சொல்லித் திரிந்தேன். பாதி நிஜம்.

"ரெண்டே நிபந்தனை இத்தா," என்றாள் மாளவிகா. எங்கள் பக்கத்தில் இத்தா என்றால் அக்கா. "டிரைவர் ஒத்த ஆளா ஒரு நிமிஷத்துக்குள்ள கூரையை மூடணும். கொச்சி மழை சொல்லிண்டா வரது? அப்பறம் பத்து நிமிஷம் குழாய்த் தண்ணி பீச்சுவோம். சீட்ல பேப்பர் விரிச்சிருக்கும். ஒரு பொட்டு ஈரம் விழப்படாது."

கோயம்புத்தூர் பார்ட்டி ஒருவர் ஏற்கெனவே ஒரு கூரை கொடுத்திருந்தார். ஒழுகவில்லை. ஆனால் மூட இரண்டு ஆளும் ஒரு பிஸ்மியும் வேண்டியிருந்தது. குப்பியின் கூரை இரண்டிலும் தேறினால் இருபது காருக்கும் அதுவேதான். வரைபடத்தின் மூலையில் வடிவமைத்தவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அவள் பெயர் ஏறும். தேறாவிட்டால் கோயம்புத்தூர்க்காரரையே கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்வார்கள்.

அந்தக் கட்டத்தைக் காட்டியபோது குப்பி அதை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்ததை நான் கவனித்தேன். அதுவரைக்கும் அவள் தைத்த எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை. பிளவுஸில் யார் தையற்காரி பெயரைப் போடுகிறார்கள்?

கம்பெனி ஒரு காரின் வெறும் உடம்பையும், கூரைக் கம்பிகளையும், ஒரு கூரைக்கு வேண்டிய துணியையும் இறக்கிவிட்டுப் போனது. மேலே கான்வாஸ், நடுவில் ரப்பர், உள்ளே பருத்தி, மூன்றும் ஒட்டிய துணி. கப்பலில் வந்தது. அடுத்தது வர ஒன்றரை மாதமாகும். சோதனைக்கு இருந்ததோ மூன்று வாரம். "தப்பா ஒரு வெட்டு விழுந்தா ஒண்ணும் செய்யறதுக்கில்லை, கேட்டேளா இத்தா?" என்று மாளவிகா இரண்டு தடவை சொன்னாள். நான் கத்திரியைக் காற்றில் இரண்டு தடவை வெட்டிக் காட்டினேன். குப்பி என்னை வெளியே போகச் சொன்னாள்.

இரண்டு வாரம் அட்டையோடு மல்லுக்கட்டினாள். மடிக்கும்போது கம்பி துணியைக் கடிக்கக் கூடாது என்று பழைய படுதாவில் மாதிரி தைத்து மாட்டி, ஒரே நாளில் எழுபது தடவை திறந்து மூடினாள். எண்ணியது நான். நடுவில் வேண்டுமென்றே எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்லி எட்டு தடவை அதிகமாகச் செய்யவைத்தேன். அந்த எட்டாவதில்தான் ஒரு திருகாணி கழன்று விழுந்தது. அதை யாரும் பாராட்டவில்லை.

கடைசி அட்டை தயாரானது ஒரு புதன்கிழமை. நடுக்கூரைக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று. பக்கவாட்டு அட்டை ஒன்றே போதும். அதை வைத்து ஒரு பக்கம் வெட்டிவிட்டு, புரட்டிப் போட்டு மறுபக்கம் வெட்ட வேண்டும். கதவுக்கு மேலே வரும் விளிம்பில் குப்பி 'வ' என்று ஒற்றை எழுத்து எழுதியிருந்தாள். அந்த இடத்தில் துணியைக் கம்பியைச் சுற்றி இழுத்துப் பிடிக்க இரண்டு விரல் கூடுதலாக வேண்டும். அதற்காக அட்டையையே இரண்டு விரல் பெரிதாக வெட்டி, அடையாளத்துக்கு அந்த எழுத்தைப் போட்டிருந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை கூரைப் பூட்டின் அளவை இன்னொரு தடவை பார்க்கக் குப்பியும் நானும் காக்கநாட்டுக்குப் போனோம். வைட்டிலாவில் பஸ் மாறும்போது மழை. நின்ற பஸ்ஸெல்லாம் ஜன்னல் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தன. குப்பி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "முப்பத்தஞ்சு செகண்டு. நம்மது இதைவிட வேகம்" என்றாள். கண்ணெல்லாம் பளபளப்பு. நாற்பத்தாறு வயதில் ஒருத்தி பஸ் ஷட்டரோடு பந்தயம் கட்டி ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது மாமா வாசலில் நின்றார். அவர் வாசலில் நின்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

"ரம்லா, நீ வர்றதுக்குள்ள எல்லாம் வெட்டி முடிச்சிட்டேன்!"

உண்மையாகவே முடித்திருந்தார். விளிம்பெல்லாம் வெண்ணெயை வெட்டினது போல. குப்பி ஒவ்வொரு துண்டையும் தடவிப் பார்த்து, "ஷம்னாத்தா, கையா இது, மெஷினா?" என்றாள். ஷம்னா அவர்கள் மகள், பாலக்காட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. அன்று எங்கள் மூன்று பேருக்கும் பழம்பொரி, அதுதான் வாழைப்பழ பஜ்ஜி, வாங்கித் தந்தார்.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்கத் தைத்து, அஸர் தொழுகைக்கு அப்புறம் கூரையைக் கம்பியில் ஏற்றினோம். வலது பக்கம் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. குப்பி தட்டினாள். டம் என்றது. இடது பக்கம் போனாள். இழுத்தாள். துணி கம்பிக்கு எட்டவில்லை. இன்னும் இழுத்தாள். கம்பிக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் வெளிச்சம்.

குப்பி அந்த இடைவெளியில் தன் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். சரியாக இரண்டு விரல்.

பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் காரணம் உண்டு. போன வருஷம் நான் நாணு சேட்டனின் ஆட்டோ ஹூட் அளவில் 4ஐ 9 ஆக மாற்றி, ஹூட் அவர் மூக்கு வரை இறங்கிவிட்டது. சந்தில் எந்தக் கோணல் நடந்தாலும் முதல் கேள்வி எனக்குத்தான்.

"ஹிஸானா. அட்டையில கை வச்சியா?"

நான் வைக்கவில்லை. ஆனால் குப்பியின் தோளுக்குப் பின்னால் மாமாவின் முகம் தெரிந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஆணியில் ஒரு பழைய அட்டை தொங்கியது, முதல் வாரத்துப் பக்கவாட்டு அட்டை, இரண்டு விரல் சேர்ப்பதற்கு முன்னால் வெட்டினது. அதன் ஓரத்தில் புதிதாகச் சாக்பீஸ் தூசி. மாமாவின் வாய் திறந்து மூடியது. பழம்பொரி வாங்கித் தந்த மனுஷன்.

"ஆமா, நான்தான்," என்றேன். "சும்மா, வெறுதே. ஒரு தமாஷுக்கு."

குப்பி என்னையே பார்த்தாள்.

"பொய்," என்றாள். "நீ செஞ்சிருந்தா இந்நேரம் தரையில உருண்டு சிரிச்சிருப்பே. எதுக்குடி ஏத்துக்கிறே?"

நான் கீழே கிடந்த நூல்கண்டைப் பொறுக்கக் குனிந்தேன்.

மாமா முன்னால் வந்தார். "ரம்லா, நான் நீ எழுதினபடிதான் வெட்டினேன். வலது பக்கத்துக்கு வலது அட்டை. இடது அட்டையைத் தேடினேன், கீழ இல்ல. ஆணியில தொங்குச்சு, எடுத்து வெட்டினேன்."

"வலது அட்டையா? எது வலது அட்டை?"

"நீதானே போட்டிருக்கே, வ-ன்னு. வ-ன்னா வலது."

குப்பி இடுப்பில் கை வைத்தாள். "வ-ன்னா வலி!"

"வலியா? யாருக்கு?"

"துணிக்கு! துணியை வலிக்கணும்! இழுக்கணும் மனுஷா, இழுக்கணும்! இருபத்தஞ்சு வருஷமா பெருநாளைக்குப் பெருநாள் அந்தக் கயித்துக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறீங்களே, எதுக்கு?"

"அது கிணத்துல," என்றார் மாமா மெல்ல. "இது அட்டையில."

நான் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்க என் உள்ளங்கையைக் கடித்தேன். குப்பி சிரிக்கவில்லை. காரின் வெறும் சீட்டில் போய் உட்கார்ந்தாள். மேலே பாதி மூடின கூரை. இடது பக்கத்து இடைவெளி வழியாக ஒரு கோடு வெளிச்சம் அவள் மடியில் விழுந்தது. திங்கள்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. துணி இல்லை. இரண்டு விரலுக்காக அந்தக் கட்டத்தில் வேறு பெயர் ஏறப்போகிறது.

மாமா காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கோயம்புத்தூர் போய் துணி தேடறேன். இப்பவே பஸ் ஏறுறேன்" என்றார். "இது அங்க கிடைக்காது" என்றாள் குப்பி. "மாளவிகாகிட்ட நான் பேசறேன், என் தப்புன்னு சொல்றேன்." குப்பி அந்த வெளிச்சக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டி அதை அளந்தாள். முன்கம்பியிலிருந்து பின்கம்பி வரை.

சட்டென்று எழுந்தாள். தலை கம்பியில் இடித்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"பின் கண்ணாடிக்கு ஓட்டை வெட்டினீங்களே, அந்தத் துண்டு எங்க?"

"எது?"

"ஓட்டைக்குள்ள இருந்த துணி, ஷம்னாத்தா! கண்ணாடி வைக்க வெட்டி எடுத்தது!"

மூன்று பேரும் தேடினோம். அது கிடந்தது என் முக்காலியில். உட்கார மெத்தென்று இருக்கிறதே என்று நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் என் வாழ்க்கையில் நான் உட்கார்ந்து செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

குப்பி அதை நீளவாக்கில் இரண்டு பட்டையாக மாமாவை வெட்டவைத்து, முனையோடு முனை சேர்த்து நீளப்படுத்தினாள். ஆனால் பட்டையைக் குறைந்த இடத்தில் வெறுமனே ஒட்டுப்போட்டால் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும். ஊசித் துளைக்கு மழை தெரியும். அதனால் ஓடு வேய்கிற மாதிரி செய்தாள். மேல் துணி கீழ்ப் பட்டையின்மேல் ஏறி நிற்க வேண்டும், தையல் அதற்கு அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும். மேல் துணியின் விளிம்பை அப்படியே விட்டால் பிரியும் என்று அதை வெளியே பார்த்து மடித்து, உள்ளே ஒரு நூல்கயிறு வைத்துத் தைத்தாள். புடவைக் கொசுவத்தில் ஒன்றே ஒன்று தனியாக நிற்கிற மாதிரி, கதவுக்கு மேலே நீளமாக ஒரு மடக்கு விறைத்து நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் இழுத்து மாட்டினோம். எட்டியது! குப்பி உள்ளங்கையை வைத்து நடந்தாள். "எங்கடி வலிக்குது?" முன்னாலிருந்து பின்னால் வரை. நின்றாள். தட்டினாள். டம். நான் சந்து முழுக்கக் கேட்கும்படி கூவினேன். மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார், வியர்வையாம்.

பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். உள்ளே பேப்பர் விரித்து நான் படுத்துக்கொண்டேன். ஒரு சொட்டு இல்லை. "ஒழுகுது!" என்று ஒரு தடவை கத்திப் பார்த்தேன். மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் கத்தவில்லை. குப்பி மட்டும் இரண்டு கதவையும் மாறி மாறித் திறந்து எதையோ பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அட்டையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை. காக்கநாட்டில் கம்பெனிக்குப் பின்னால் சிமென்ட் முற்றம். காரை முந்தின நாளே லாரியில் அனுப்பியிருந்தோம். மாளவிகா புது வெள்ளைச் சுடிதாரில் வந்திருந்தாள். அவளோடு கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் கைகட்டி நின்றார்கள். டிரைவர் வேண்டாம், நானே மூடிப் பார்க்கிறேன் என்று அவளே வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

நான் ஃபோனில் நேரம் வைத்தேன். கூரை பின்னாலிருந்து எழுந்தது, கம்பிகள் விசிறி மாதிரி விரிந்தன, முன்னால் வந்து உட்கார்ந்தது, பூட்டு இரண்டும் டக், டக்.

"இருபத்தெட்டு!" என்று கத்தினேன்.

"பொய் சொல்லப்படாது," என்றாள் மாளவிகா உள்ளேயிருந்து. யாரோ என்னைப் பற்றி அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஃபோனைக் காட்டினேன். இருபத்தெட்டேதான்.

பிறகு குழாய். பத்து நிமிடம். மேலிருந்து, பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து. மாமாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. குப்பி ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்றாள். குழாயை நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து மாளவிகா பேப்பரை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு நேரே தூக்கிக் காட்டினாள். காய்ந்த பேப்பர்! நான்கும் காய்ந்த பேப்பர்!

அப்போது குப்பி ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "மேடம், அந்தக் கதவைத் திறந்து இறங்குங்க."

மாளவிகா வலது கதவைத் திறந்தாள். கூரையில் ஒட்டியிருந்த தண்ணீர் எல்லாம் ஒரே விரிப்பாகச் சரிந்து அவள் மடியில் விழுந்தது. வெள்ளைச் சுடிதார்!

"ஐயோ! என்னவாக்கும் இது?"

கம்பெனி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். குப்பி மட்டும் அசையவில்லை.

"மன்னிக்கணும். இப்ப அந்தப் பக்கம் போய் அந்தக் கதவைத் திறந்து பாருங்க."

மாளவிகா சொட்டச் சொட்ட உள்ளேயே நகர்ந்து இடது கதவைத் திறந்தாள். குப்பி சைகை காட்ட, குழாய்க்காரர் மேலே தண்ணீரைப் பீச்சினார். கூரையில் இறங்கி வந்த தண்ணீர் அந்த மடக்கில் முட்டியது, திரும்பியது, அதன் வழியே ஓடிப் பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கதவு வழியில் திரை விலக்கினது போலக் காய்ந்த வாசல். மாளவிகா கையை வெளியே நீட்டினாள். நனையவில்லை. தலையை நீட்டினாள். நனையவில்லை.

"இது நன்னாயிருக்கே! அந்தப் பக்கம் மட்டும் ஏன் விட்டுட்டேள் இத்தா?"

என்னிடம் அருமையான பொய் ஒன்று தயாராக இருந்தது. இரண்டு மாடலையும் ஒரே காரில் காட்டத்தான் இப்படி வைத்தோம் என்று. வாயைத் திறப்பதற்குள் குப்பி பேசிவிட்டாள்.

"உள்ளதைச் சொல்லிடறேன். இது யோசிச்சு செஞ்சதில்ல. இடது பக்கம் துணி தப்பா வெட்டுப்பட்டுச்சு. ரெண்டு விரல் கம்மி. ஒட்டுப்போட்டு மடிச்சேன். சனிக்கிழமை தண்ணி ஊத்தும்போதுதான் பார்த்தேன், தப்பான பக்கம்தான் சரியான பக்கம். வலதுக்கும் செய்யத் துணி இல்ல." பைக்குள்ளிருந்து ஞாயிற்றுக்கிழமை அட்டையை எடுத்து நீட்டினாள். "ரெண்டு பக்கமும், ஒட்டு இல்லாம, ஒரே துணியில மடக்கு வர்ற மாதிரி வரைஞ்சிருக்கேன். வாயில சொன்னா புரியாது. நனைஞ்சா புரியும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமையே தெரியும்! வலது கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான், முகத்தைப் பால் மாதிரி வைத்துக்கொண்டு, மேடம் திறந்து இறங்குங்க என்றாள்! மட்டாஞ்சேரியில் என்னைவிடப் பெரிய ஆள் ஒருத்தி இத்தனை நாள் ஒன்றும் தெரியாத மாதிரி தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்துடி வந்தது என்று உம்மா என்னைக் கேட்பாள். இனிமேல் விலாசம் சொல்லிவிடலாம்.

மாளவிகா நனைந்த சுடிதாரோடு அட்டையைப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். ஏலக்காய்ப் பெட்டியின் எழுத்து தெரிந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நின்ற ஆட்களும் சிரித்தார்கள்.

"துணி வெட்டினது யாரு?"

மாமா கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குகிற மாதிரி. "நான்தான். வ-ன்னா வலதுன்னு நெனச்சுட்டேன்."

"அவர் வெட்டினது தப்பு," என்றாள் குப்பி. "நான் மடிச்சது வேலை. ரெண்டும் ஒரே வீட்டுல நடந்தது."

மாளவிகா உள்ளே போய்ப் பெரிய வரைபடத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து காரின் முகப்பில் விரித்தாள். ஒரு காய்ந்த இடம் தேடித்தான் விரிக்க வேண்டியிருந்தது. "இருபது காருக்கும் இதுதான். இந்த மடக்குக்கு ஒரு பேர் வேணுமே இத்தா, படத்துல குறிக்க."

குப்பி யோசிக்கவேயில்லை. "சைபு மடக்கு. தப்பு செஞ்சவர் பேர் இருக்கட்டும். இல்லேன்னா மறந்துருவாரு."

"ரம்லா, வேணாம்," என்றார் மாமா. காது இரண்டும் பழுத்த மிளகாய்.

"எழுதுங்க மேடம்," என்றாள் குப்பி.

கடைசியில் அந்தக் கட்டம். குப்பி பேனாவை வாங்கினாள். ரம்லத் என்று மலையாளத்தில் எழுதினாள். எழுதிவிட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள், கூரையைத் தடவுகிற மாதிரி.

"எங்க வலிக்குது?" என்று நான் அவள் காதில் கேட்டேன்.

"போடி," என்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

அடுத்த துணி வந்து சேர்ந்தது. இப்போது இருபதில் மூன்றாவது கூரை ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டையில் இனி ஒற்றை எழுத்து கிடையாது என்று மாமா சட்டம் போட்டுவிட்டார். இழுக்க வேண்டிய விளிம்பில் எழுத்துக்குப் பதில் ஒரு முகம் வரைய வேண்டும், கண்ணில் தண்ணீரோடு. வரைகிற பொறுப்பு என்னுடையது. நான் ஒவ்வொரு முகத்துக்கும் மீசையும், பெரிய இரண்டு காதும் போட்டு, காதுக்குச் சிவப்புப் பேனாவால் நிறம் கொடுக்கிறேன். யார் என்று கேட்டால் துணி என்கிறேன். மாமா அதைப் பார்த்துவிட்டுக் காதைத் தடவிக்கொண்டு, இரண்டு பக்கமும் இரண்டு விரல் குறையாமல் வெட்டுகிறார்.